கரைந்த மருந்து ஏன் திரும்பப் படிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடிப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் பல வருடம் மருந்தாக்கவியல் பாடம் எடுத்தேன். இப்போது மாலை வேளைகளில் ஆற்காட்டில் தம்பியின் மெடிக்கலில் உட்காருகிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்டதும், கடையில் வாடிக்கையாளர்கள் கேட்டதும், நர்ஸ் வேலை பார்க்கும் பழைய மாணவிகள் போனில் கேட்டதும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்தன. அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில குட்டை. எனக்குப் பிடித்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இன்னா சார் இது, கரைஞ்சது எதுக்குத் திரும்ப வருது?"

குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு மாணவன் முதல் வருடத்தில் கேட்டது. ஆற்காடு மக்கன் பேடாவுக்குப் பாகு காய்ச்சும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். கொதிக்கும் தண்ணீர் நிறையச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். அதே பாகு ஆறினால் அவ்வளவு சர்க்கரையைத் தாங்கும் சக்தி தண்ணீருக்குக் கிடையாது. ஆனாலும் மிச்சச் சர்க்கரை உடனே வெளியே வந்துவிடாது. தெளிவாக, ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். அப்புறம் ஒரு கரண்டி பட்டாலோ, ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த நாலு சர்க்கரை உள்ளே விழுந்தாலோ, பாகு முழுக்கப் பூத்துப்போகும்.

தாங்கக்கூடியதைவிட அதிகமாகக் கரைந்திருக்கும் அந்த இடைப்பட்ட நிலைக்குப் பெயர்தான் அதிதெவிட்டிய கரைசல். பள்ளியில் படித்திருப்பீர்கள். கரைந்திருக்கும் அளவைக் கரைதிறனால் (தண்ணீர் தாங்கக்கூடிய உச்ச அளவால்) வகுத்தால் எத்தனை மடங்கு மீறியிருக்கிறோம் என்று தெரியும். 1 என்றால் தெவிட்டிய நிலை. அதற்கு மேலே போனது எல்லாமே கடன். கடனைத் திருப்பிக் கேட்க ஆள் வருவது உறுதி, எப்போது வருவார் என்பதுதான் கேள்வி. இந்தத் துறையில் நாங்கள் பார்க்கும் வேலை பெரும்பாலும் அந்த ஆளைச் சில மணி நேரம் வாசலிலேயே நிறுத்தி வைப்பதுதான்.

மருந்து கரையாவிட்டால் என்ன? மாத்திரைதான் வயிற்றுக்குள் போய்விடுகிறதே?

வயிற்றுக்குள் போவதும் உடம்புக்குள் போவதும் ஒன்றல்ல. குடல் சுவரைத் தாண்டுவது கரைந்த மூலக்கூறு மட்டும்தான். கரையாத துகள் மலத்தோடு போய்விடும்.

படர்தாமரைக்கு இப்போது எல்லோரும் வாங்கும் இட்ராகோனசோலை எடுத்துக்கொள்வோம். நடுநிலையான தண்ணீரில் அதன் கரைதிறன் ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். ஒரு கேப்சூலில் இருப்பது 100 மி.கி. கணக்குப் போட்டால் ஒரு கேப்சூலைக் கரைக்க ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எட்டு. நாம் குடிப்பதோ ஒரு டம்ளர். வயிற்று அமிலத்தில் நிலைமை பரவாயில்லை, லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரையும். அப்போதும் இரண்டு மூன்று குடம் வேண்டும்.

1995-ல் கோர்டன் அமிடோனும் அவர் சகாக்களும் மருந்துகளை நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள். கரையும் தன்மை, குடலைத் தாண்டும் தன்மை, இந்த இரண்டை வைத்து. இரண்டாம் வகுப்பு மருந்துகள் குடலைச் சுலபமாகத் தாண்டும், ஆனால் கரையாது. இந்தப் பக்கத்தில் பேசுவது பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

கரைதிறனுக்கு மேல் எப்படிக் கரைக்கிறார்கள்?

வழிகள் பல. உப்பாக மாற்றலாம், எண்ணெயிலோ சாராயத்திலோ கரைத்துக் கொடுக்கலாம். இன்று பரவலாகப் புழங்கும் இன்னொரு வழி, படிக ஒழுங்கையே கலைத்துவிடுவது. படிகத்தில் மூலக்கூறுகள் செங்கல் அடுக்கினமாதிரி இறுக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்கச் சக்தி செலவாகும். மருந்தை ஒரு பாலிமரோடு (நீளச் சங்கிலிபோன்ற மூலக்கூறு) சேர்த்து உருக்கியோ, கரைப்பானில் கரைத்துத் தூவி உலர்த்தியோ எடுத்தால், அடுக்கு இல்லாத கண்ணாடிபோன்ற திடப்பொருள் கிடைக்கும். செங்கல் சூளையில் குவித்துக் கொட்டியமாதிரி. அதிலிருந்து மூலக்கூறுகள் சட்டென்று கழன்று வரும். படிகத்தைவிடப் பல மடங்கு கரையும்.

இதன் விதை 1961-ல் ஜப்பானில் செகிகுச்சியும் ஓபியும் சல்ஃபாதயசோலை யூரியாவோடு உருக்கிச் செய்த வேலை. அவர்கள் செய்தது முழுக்கப் படிகம் இல்லாத நிலை அல்ல. ஆனால் மருந்தைக் கரையும் பொருளுக்குள் நுண்ணியதாகப் பரப்பலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் பிடித்தது.

இப்படி வேகமாக மேலே எகிறுவதை ஸ்பிரிங் என்றும், எகிறியது கீழே விழாமல் தாங்குவதைப் பாராசூட் என்றும் இந்தத் துறையில் சொல்வார்கள். நல்ல உவமைதான். ஆனால் மாணவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் வைத்துக்கொண்டு பாராசூட்டை மறந்துவிடுவார்கள். முதல் பத்து நிமிடத்தில் 90 சதவீதம் கரைந்தது என்று கிராஃப் போட்டுக் காட்டுவார்கள். அரை மணி கழித்து என்ன ஆனது என்று கேட்டால் முகம் மாறும்.

அதிகமாகக் கரைந்தது உடனே படியாமல் ஏன் காத்திருக்கிறது?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

காட்பாடி ஜங்ஷன் வாசலில் இரண்டு பேர் நின்று மேலே எதையோ பார்க்கிறார்கள் என்று வையுங்கள். போகிறவர்கள் ஒரு நொடி நின்றுவிட்டுப் போய்விடுவார்கள், அந்த இரண்டு பேரும் கலைந்துவிடுவார்கள். அதுவே பதினைந்து பேர் நின்றால்? அதற்கப்புறம் கூட்டம் கலையாது, கூடிக்கொண்டே போகும். மூலக்கூறுகளும் அப்படித்தான். கரைசலில் அவை இடைவிடாமல் இரண்டு மூன்றாகச் சேர்ந்து பிரிகின்றன. சின்னக் கூட்டத்தில் வெளிப்பரப்பில் இருப்பவைதான் அதிகம், அவற்றுக்குச் சுற்றிலும் பிடிமானம் இல்லை, அதனால் உதிர்ந்துவிடும். ஓர் அளவைத் தாண்டிய கூட்டம் மட்டுமே நிலைத்து வளரும். அந்த நிலைத்த கூட்டம்தான் படிகத்தின் கரு.

அந்த அளவை எட்டத் தாண்டவேண்டிய தடையின் உயரம், அதிதெவிட்டல் மடங்கின் இயல்மடக்கையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. பயப்படாதீர்கள், போட்டுப் பார்த்தால் எளிது. 2 மடங்கிலிருந்து 10 மடங்குக்குப் போனால் தடை பதினொன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கரு உண்டாகும் வேகமோ அந்தத் தடையை அடுக்குக்குறியில் வைத்திருக்கிறது. அதனால்தான் 2 மடங்கில் நாள்கணக்காகத் தெளிவாக நிற்கும் கரைசல், 10 மடங்கில் கண்ணெதிரே கலங்குகிறது. "கொஞ்சம்தானே சார் அதிகம் போட்டேன்" என்று சொல்லும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கை நானே போர்டில் போட்டுக் காட்டுவேன்.

இன்னொன்று. சுத்தமான கரைசலில் கரு தானாக உண்டாவது அபூர்வம். தூசி, பாத்திரத்தின் கீறல், கரையாமல் மிஞ்சிய படிகத் துணுக்கு, இவற்றில் ஏதாவது ஒன்று இடம் கொடுக்கும். ஆர்கானிக் லேபில் படிகம் வராதபோது கண்ணாடிக் குச்சியால் பீக்கரின் உட்புறத்தைச் சுரண்டச் சொல்வார்களே, அது இதற்குத்தான். அங்கே வரவழைக்கிறோம், இங்கே வரவிடாமல் தடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். மாத்திரைக்குள் படிகத்தின் சுவடு துளி மிஞ்சியிருந்தாலும் உறை மோர் ஊற்றிய பால் கதைதான்.

கரைசல் படிகம் இல்லாமல் வெறுமனே பால்போல ஆகிறதே, அது என்ன?

டெட்டாலைத் தண்ணீரில் ஊற்றிப் பார்த்திருப்பீர்கள். தெளிவான பழுப்பு நிறத் திரவம், தண்ணீர் பட்டவுடன் வெள்ளை. உள்ளே இருந்த எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்கள் கரைந்திருக்க முடியாமல் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து நிற்கின்றன. திடப்பொருள் எதுவும் அங்கே வரவில்லை.

பல மருந்துகளும் இதையே செய்கின்றன. படிகத்தின் கரைதிறனுக்கு மேலே இன்னொரு உச்சவரம்பு இருக்கிறது, ஒழுங்கற்ற (அடுக்கு இல்லாத) நிலையின் கரைதிறன் என்று அதைச் சொல்லலாம். எடுத்துக்காட்டாக ஒரு மருந்து படிகமாக மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமும் ஒழுங்கற்ற நிலையில் 80 மைக்ரோகிராமும் கரைகிறது என்போம். 100 மி.கி. மாத்திரையை 250 மில்லி நீரில் முழுக்க விடுவித்தால் கணக்குப்படி 400 வரவேண்டும். வராது. 80-க்கு மேல் இருப்பதெல்லாம் மருந்து செறிந்த நுண்துளிகளாகப் பிரியும், நீரில் உண்மையாகக் கரைந்திருப்பது 80-லேயே நிற்கும்.

இது கெட்ட செய்தி இல்லை. குடல் 80-லிருந்து உறிஞ்ச உறிஞ்ச, துளிகள் அந்த இடத்தை நிரப்பும். வீட்டு மாடித் தொட்டிபோல. அந்தத் துளிகளுக்குள் படிகக் கரு தோன்றினால்தான் ஆபத்து. அப்போது அளவு 80-லிருந்து சரசரவென 10-ஐ நோக்கி இறங்கும். நிலையற்ற வடிவம் முதலில், நிலையான வடிவம் கடைசியில் என்று 1897-லேயே வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் சொல்லிவிட்டார். எல்லா மருந்தும் அவர் பேச்சைக் கேட்பதில்லை, ஆனால் நிறையக் கேட்கின்றன.

வெண்மையாக இருப்பது துளியா படிகமா என்று தெரிய, ஒரு சொட்டை எடுத்து முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள். பெரும்பாலான படிகங்கள் இருட்டில் மின்மினிபோலப் பளிச்சிடும், துளி பளிச்சிடாது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஆறு மாதம் விவாதித்தவர்களை எனக்குத் தெரியும்.

பாகு பூக்காமல் இருக்க எலுமிச்சை பிழிவார்கள். மருந்துக்கு எலுமிச்சை எது?

கேட்டவர் மிட்டாய்க் கடைக்காரரின் மகள், கேள்வியிலேயே பாதி பதில் இருந்தது. எலுமிச்சையின் அமிலம் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைக்கிறது. உருவம் வேறான அவை நடுவில் புகுந்து, மற்ற சர்க்கரை மூலக்கூறுகளை வரிசையாக உட்காரவிடாமல் செய்கின்றன.

மருந்தில் அந்த வேலையைப் பாலிமர்கள் பார்க்கின்றன: எச்.பி.எம்.சி., அதன் அசிடேட் சக்சினேட் வடிவம், பி.வி.பி., கோபோவிடோன். இவை முளைவிடும் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு புதிய மூலக்கூறு உட்காரும் இடத்தை மறைக்கின்றன, சில துளிகளையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் காக்கின்றன. ஒரு பாலிமர் ஒரு மருந்துக்கு அற்புதமாக உழைக்கும், அடுத்த மருந்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் எது சிறந்த பாலிமர் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. உங்கள் மருந்தில் நாலைந்தைப் போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு நேரம் தாங்கினால் போதும்? சிறுகுடலை உணவு கடக்க ஏறத்தாழ மூன்று நான்கு மணி நேரம். அதுவரை தாங்கினால் போதும். நிரந்தரமாகத் தடுக்கவேண்டும் என்று நினைத்து வேலையை ஆரம்பிப்பவர்கள் வீணாகக் கஷ்டப்படுகிறார்கள்.

இட்ராகோனசோல் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன், அரிப்பு குறையவில்லை. கூடவே காலையில் பான்டாப் போடுகிறேன். தொடர்பு உண்டா?

உண்டு. கடையில் வாரத்துக்கு இரண்டு பேராவது இதைக் கேட்கிறார்கள். இந்த ஊரில் எந்த மாத்திரை எழுதினாலும் பக்கத்தில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரு பான்டோப்ரசோல் (அதுதான் பான்டாப்) வந்துவிடுகிறது. மே மாத வெயிலில் வியர்வையோடு வேலை செய்பவருக்குப் படர்தாமரை சுலபத்தில் போகாது என்பது ஒரு காரணம். மருந்து உள்ளே சேராதது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

இட்ராகோனசோல் வலுக்குறைந்த காரம். அமிலத்தில்தான் கொஞ்சமாவது கரையும். வயிற்றில் பி.எச். 1, 2 என்று இருக்கும்போது கரைந்து, சிறுகுடலில் 6.5 பக்கம் போனதும் அங்கே அதிதெவிட்டிய கரைசலாக மாறுகிறது. அந்த நிலை நீடிக்கும் நேரத்தில்தான் குடல் அதை உறிஞ்சவேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டால் முதல் படியே நடக்காது. அதனால்தான் கேப்சூலைச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள், அமிலம் குறைவாக இருப்பவர்களைச் சர்க்கரை சேர்ந்த கோலா பானத்தோடு போடச் சொல்லும் வழக்கமும் உண்டு. அதே மருந்து சைக்ளோடெக்ஸ்ட்ரினில் கரைத்த திரவமாக வந்தால் வெறும் வயிற்றில். ஒரே பெயர், எதிரெதிர் அறிவுரை. எழுதிய மருத்துவரிடம் பான்டாப் போடுவதைச் சொல்லிவிடுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

2021-ல் கரும்பூஞ்சை வந்தபோது எல்லோரும் தேடிய போசகோனசோல் மாத்திரை இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சுற்றிப் போகிறது. அதில் உள்ள பாலிமர் அமிலத்தில் கரையாது, குடலில்தான் கரையும். வயிற்றின் மனநிலையை நம்பி இருக்கவேண்டாம்.

லேபில் பி.எச். மாற்றியதும் மருந்து மொத்தமும் படிந்துவிட்டது. அப்படியானால் மனிதருக்குள்ளும் அதேதானா?

பெரும்பாலும் அவ்வளவு மோசம் இல்லை. பீக்கரில் கரைந்த மருந்துக்குப் போக்கிடம் கிடையாது. குடலிலோ ஒரு பக்கம் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, அதனால் மடங்கு ஏறாது. பித்த உப்புகள் வேறு தாங்குகின்றன. வயிறும் எல்லாவற்றையும் ஒரே நொடியில் கொட்டுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. குடலைச் சுலபமாகத் தாண்டும் மருந்துக்கு லேப் காட்டும் பயம் மிகை. மெதுவாகத் தாண்டும் மருந்துக்கு அந்தப் பயம் நியாயமானது. படிந்தது ஒழுங்கற்ற தூளாக இருந்தால் மறுபடி கரையவும் கரையும்.

ஒரே மாதிரியை மூன்று தடவை அளந்தால் மூன்று விடை வருகிறதே?

என் கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 37 டிகிரி தொட்டியிலிருந்து மாதிரிகளை எடுத்து வடிகட்டி, ஏ.சி. அறையில் வைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் அளக்கலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் குழாய்களின் அடியில் ஊசி ஊசியாகப் படிகம். மேலே இருந்த தெளிவான நீரை அளந்து, மருந்தே கரையவில்லை என்று அறிக்கை எழுதினேன். தவறு முழுக்க என்னுடையது.

அதிதெவிட்டிய கரைசலை எடுத்த உடனே, ஏற்ற கரைப்பானால் நீர்த்துப்போகச் செய்துவிடுங்கள். வடிகட்டி 0.45 மைக்ரான் என்றால் நுண்துளிகள் அப்படியே தாண்டிப் போகும், அவற்றையும் கரைந்தது என்று கருவி கணக்கில் சேர்த்துவிடும். சில மருந்து வடிகட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும், அதற்கு முதல் சில மில்லியைக் கொட்டிவிடவேண்டும். கலக்கும் வேகம், பாத்திரத்தின் கீறல், எல்லாமே விடையை மாற்றும். கரு உண்டாவதே தற்செயல் நிகழ்வு. அதனால் மூன்று தடவையும் ஒரே எண் வந்தால்தான் எனக்குச் சந்தேகம்.

விற்பனைக்கு வந்த மருந்தே இப்படிக் கெட்டுப்போனது உண்டா?

ரிட்டோனாவிர். எச்.ஐ.வி. மருந்து. இந்தியாவில் அந்தத் தொற்று முதன்முதலாகத் தென்பட்டது 1986-ல். சென்னையில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோதுதான். அதனால் இந்தக் கதையை இங்கே சொல்லும்போது எனக்கு ஒரு சொந்தம் தெரியும்.

அபாட் நிறுவனம் 1996-ல் ரிட்டோனாவிரை வெளியிட்டது. கேப்சூலுக்குள் மருந்து சாராயம் கலந்த கரைசலாக இருந்தது. அப்போது தெரிந்த படிக வடிவத்தைப் பொறுத்தவரை அது தெவிட்டாத கரைசல், பிரச்சினை இல்லை. 1998-ல் யாரும் அதுவரை பார்த்திராத இரண்டாவது படிக வடிவம் தலைகாட்டியது. கரைதிறன் மிகக் குறைவு. அந்தப் புதிய வடிவத்தின் கணக்கில் பார்த்தால், நேற்றுவரை சாதுவாக இருந்த அதே கரைசல் இப்போது பல மடங்கு அதிதெவிட்டியது! கேப்சூல்களுக்குள் மருந்து படிந்தது, சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதற்கப்புறம் பழைய வடிவத்தைச் செய்வதே பெரும்பாடானது, எங்கே செய்தாலும் புதிய வடிவத்தின் விதை வந்து கெடுத்தது.

பின்னர் வந்த மென்கேப்சூலைக் குளிரில் வைக்கவேண்டியிருந்தது. நம் ஊர் வெயிலில், மின்வெட்டில், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அதை எப்படி வைப்பது? 2010-ல் கோபோவிடோன் பாலிமருக்குள் உருக்கிச் சேர்த்த மாத்திரை வந்த பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது.

ஃபினைட்டோயின் ஊசியை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் வெள்ளையாகிறது. குலுக்கினால் சரியாகுமா?

ஆகாது. தூக்கிப் போடுங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினைட்டோயின் வலுக்குறைந்த அமிலம். ஊசிக்குள் பி.எச். 12 வரை ஏற்றி, 40 சதவீதம் புரொப்பிலீன் கிளைக்காலும் 10 சதவீதம் சாராயமும் சேர்த்துத்தான் அதைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் புட்டி அமிலப் பக்கம். இரண்டு ஆதரவும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன. நார்மல் சலைனில் மட்டும், கலந்த உடனே, வடிகட்டி போட்ட செட்டில் ஏற்றவேண்டும்.

செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கையும் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டையும் ஒரே குழாயில் சேர்க்கக்கூடாது. அங்கே கரையாத கால்சிய உப்பே புதிதாக உண்டாகிறது. பிறந்த குழந்தைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். கலங்கிய எதையும், யார் அவசரப்படுத்தினாலும், ரத்தக் குழாயில் ஏற்றாதீர்கள்.

அப்படியானால் மன்னிடால் புட்டியில் ஊசி ஊசியாக இருக்கிறதே, அதையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

இது மட்டும் விதிவிலக்கு. 20 சதவீத மன்னிடால் அறை வெப்பநிலையிலேயே கொஞ்சம் அதிதெவிட்டியதுதான். மார்கழிக் குளிரிலோ ஐ.சி.யூ. ஏ.சி.யிலோ படிகம் விடும். வெந்நீரில் புட்டியை வைத்துக் குலுக்கி, முழுக்கக் கரைந்தபின் உடம்புச் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டி உள்ள செட்டோடு பயன்படுத்தலாம். ஒரு துணுக்கு மிஞ்சினாலும் வேண்டாம்.

சிறுநீரில் மருந்து படியும் என்கிறார்களே?

அதே கதை, பீக்கருக்குப் பதில் சிறுநீரகம். சிறுநீரகம் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள மருந்து செறிந்து அதிதெவிட்டுகிறது. இண்டினாவிர், சல்ஃபாடயசின், ஊசியில் ஏற்றும் அசைக்ளோவிர் ஆகியவை இதில் பேர்போனவை. இண்டினாவிருக்கு ஒரு நாளில் குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். வேலூர் கத்திரி வெயிலில் வியர்வையாகப் போவதற்கு மேல் இந்த ஒன்றரை லிட்டர். சல்ஃபாடயசினுக்குச் சிறுநீரைக் காரமாக்குவதும் உதவும்.

இருமல் சிரப் மூடியைத் திறக்கவே முடியவில்லை, வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. மருந்து படிந்துவிட்டதா?

பெரும்பாலும் சர்க்கரைதான். இதற்கு அடிப்படையான சாதா சிரப்பில் சர்க்கரை எடையில் 66.7 சதவீதம், அறை வெப்பநிலையில் தெவிட்டும் நிலைக்கு ஒரு முடி இடைவெளி. புட்டியின் வாயில் வழிந்த சொட்டில் தண்ணீர் கொஞ்சம் ஆவியானாலே போதும், பூத்து மூடியைப் பூட்டிவிடும். சில தயாரிப்புகளில் இதற்காகவே சார்பிட்டால் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயைத் துடைத்துவிட்டு மூடுங்கள், வெந்நீரில் நனைத்த துணியை மூடிமேல் சுற்றி இரண்டு நிமிடம் வைத்தால் திறந்துகொள்ளும். படிகம் புட்டியின் அடியில் இருந்தால் மட்டும் கடைக்கு எடுத்து வாருங்கள்.